கறுப்பு காருக்கு, சிவப்பு சாகறதுக்கு: வீட்டிலேயே கரன்ட் விட்டுத் துரு எடுக்கும் முறை

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடற்கரைக்கு மூன்று தெரு உள்ளே. மொட்டை மாடியில் கட்டிய கொடிக்கம்பி இங்கே இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம். ஜன்னல் கம்பிக்குப் பொங்கலுக்கு அடித்த பெயின்ட் ஆடி மாசத்துக்குள் பொரிந்துவிடும். இந்தக் காற்றில்தான் நைனாவின் அம்பாசடர் எட்டு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் டாக்சியாக ஓடிய வண்டி. அவர் போன பிறகு வீட்டில் யாருக்கும் சாவியைத் தொட மனசு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருத் தண்ணீர் சக்கரத்தில் பாதி வரை ஏறி, இரண்டு நாள் வடியாமல் நின்றது. வடிந்த பிறகு சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் டிரம் நான்கும் செங்கல் நிறத்தில் இருந்தன. விரல் வைத்த இடமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. தண்டையார்பேட்டையில் சின்னக் கடை. மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது, ஆனால் கரன்ட் எந்த வழியில் போய் எந்த வழியில் திரும்பும் என்பது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதில் இறங்கினேன். இதுவரை வண்டியின் நாற்பது பாகங்களுக்கு மேல் இப்படித் துரு எடுத்து பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் டிரம்மை எல்லோரும் செய்கிற மாதிரிதான் செய்தேன். பக்கத்துப் பட்டறைப் பையன் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் மாட்டிப் பத்து நிமிஷத்தில் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கிரைண்டருக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று தெரியாது. மேட்டில் இருக்கும் இரும்பை வழித்துவிட்டு, குழிக்குள் இருக்கும் துருவை அப்படியே விட்டுவிடும். நான்கே நாளில் அந்தக் குழிகளில் இருந்து மறுபடியும் பழுப்பு கசிந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் போடச் சொன்னவர்களும் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவோடு சேர்த்து இரும்பையும் தின்னும். அதன் புகை பட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல ஸ்பேனர்கூடத் துருப்பிடிக்கும். போதாததற்குக் குளோரைடை இரும்பின் குழிகளில் விட்டுவிட்டுப் போகும். ஏற்கெனவே உப்புக் காற்றால் கெட்ட இரும்புக்கு அதற்கு மேல் கெடுதல் வேண்டாம்.

கரன்ட் விடும் முறை வேறு மாதிரி வேலை செய்கிறது. தண்ணீரில் சலவை சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த பாகத்தை மைனஸில் மாட்ட வேண்டும். வேறொரு சாதாரண இரும்புத் துண்டை பிளஸில் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் நிற்க, 12 வோல்ட் டிசி விட வேண்டும். அவ்வளவுதான். துரு என்பது ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைப் பறிகொடுத்த இரும்பு. மைனஸ் பக்கம் அந்த எலக்ட்ரான் திரும்ப வந்து சேருகிறது. சிவந்த துருவில் ஒரு பங்கு கறுப்பு ஆக்சைடாக மாறி இளகுகிறது. கூடவே பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கி, இளகிய துருவை அடியில் இருந்து நெம்பித் தள்ளுகின்றன. மைனஸில் மாட்டியிருக்கும்வரை நல்ல இரும்பு கரையாது. மறந்துபோய் ஒரு நாள் கூடுதலாக ஊறவிட்டாலும் பாகம் தேயாது. கிரைண்டரிலும் ஆசிட்டிலும் இந்த நிம்மதி கிடையாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. உப்பில் இருக்கும் குளோரைடு துருவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளிருந்து அரிக்கும். கரன்ட் ஓடும்போது அந்தக் குளோரைடு பிளஸ் பக்கம் இழுக்கப்பட்டு இரும்பை விட்டு வெளியே வருகிறது. அமெரிக்காவில் 1862-ல் மூழ்கிய மானிட்டர் என்ற போர்க்கப்பலின் பீரங்கிக் கூண்டை 2002-ல் கடலில் இருந்து தூக்கினார்கள். அதைக் காப்பாற்ற அருங்காட்சியகத்தில் செய்வதும் காரத் தண்ணீரில் மூழ்க வைத்துக் கரன்ட் விடும் இதே வேலையைத்தான். அவர்கள் வருஷக்கணக்கில் செய்கிறார்கள். நமக்கு ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி போதும்.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

பாத்திரம் பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். பெயின்ட் வந்த 20 லிட்டர் பக்கெட் பெரும்பாலான பாகங்களுக்குப் போதும். ரிம்முக்கு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்துக்கொண்டேன். இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டில் நீளமானது, எந்தப் பக்கெட்டிலும் நிற்காது. அதற்கு நாலு இன்ச் பிவிசி பைப்பில் ஒரு முனையை மூடி போட்டு ஒட்டி, சுவரில் சாய்த்துக் கட்டி, அதற்குள் இறக்கினேன். நீளச் சாமான் எதற்கும் இது நல்ல வழி. தண்ணீரும் சோடாவும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

சோடா என்று நான் சொல்வது சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். மளிகைக் கடையில் வெறுமனே சோடா என்று கேட்டால் ஆப்ப சோடா கொடுத்துவிடுவார்கள். அது வேறு. பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் சலவை சோடா கிலோ கணக்கில் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் வண்ணாரப்பேட்டை என்று ஒரு பேட்டையே துணி வெளுத்தவர்களின் பெயரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருந்ததும் இந்தச் சோடாதான். 20 லிட்டர் தண்ணீருக்கு 250 முதல் 300 கிராம் போதும். கூடப் போட்டால் வேகம் கூடும் என்று அள்ளிக் கொட்ட வேண்டாம், பவர் சப்ளைக்குத்தான் பாரம். ஆப்ப சோடா மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதை வாணலியில் கொட்டி நன்றாகச் சூடுபண்ணினால், ஆவியும் கார்பன் டை ஆக்சைடும் போய்ச் சலவை சோடாவாக மாறிவிடும். அலுமினிய வாணலியை மட்டும் எடுக்காதீர்கள்.

சமையல் உப்பு வேண்டவே வேண்டாம். கரன்டைக் கடத்தும் என்று சிலர் போடச் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கரன்ட் விட்டால் பிளஸ் பக்கம் குளோரின் வாயு வரும். அதைச் சுவாசிப்பது ஆபத்து. அதே காரணத்துக்காகப் போர் தண்ணீரையும் தவிர்த்தேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்துதான் இந்த வேலையைச் செய்கிறேன். குடிக்கிற தண்ணீரைத் துருவுக்குக் கொட்டுகிறாயே என்று அம்மா கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதனால் ஒரு தடவை கலக்கிய தண்ணீரைக் கொட்டாமல், மண்டியைத் தெளியவிட்டு, ஆவியாகிக் குறைந்ததற்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரே தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பாகங்கள் வரை எடுத்துவிடுகிறேன்.

பிளஸில் மாட்டும் இரும்புக்கு ஆனோடு என்று பெயர், மைனஸில் இருப்பது கேத்தோடு. 1834-ல் மைக்கேல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள். கடையில் நாங்கள் பிளஸ் பக்கத்து இரும்பைச் சாகிற கம்பி என்றே சொல்கிறோம். பாகத்தைப் பிழைக்க வைக்க அது கரைந்து போகிறது. கட்டட வேலையில் மிச்சமான முறுக்குக் கம்பித் துண்டுகள், வெல்டிங் பட்டறையில் வெட்டிப் போட்ட எம்.எஸ். (சாதாரண இரும்பு) பட்டைகள், இவை போதும். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு வேண்டாம், மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள்.

எவர்சில்வரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிளஸில் மாட்டாதீர்கள். கரையாமல் நீண்ட நாள் வரும் என்று பழைய எவர்சில்வர் கரண்டி, தட்டு இவற்றை மாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. பிளஸில் மாட்டினால் அது ஹெக்ஸாவேலன்ட் குரோமியமாக மாறித் தண்ணீரில் கரையும். தண்ணீர் மஞ்சளாகும். அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் என்ன ஆனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த விஷத்தை நம் வீட்டுப் பக்கெட்டில் நாமே காய்ச்ச வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரன்டுக்கு, பேட்டரி கடைகளில் வைத்திருக்கும் பழைய மாதிரி டிரான்ஸ்பார்மர் சார்ஜர் நல்லது. இப்போது வரும் ஸ்மார்ட் சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரன்ட் கொடுக்கும், வெறும் பக்கெட்டைப் பார்த்தால் கொடுக்காது. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்கினேன். அதில் 230 வோல்ட் வரும் ஸ்குரூக்களும் 12 வோல்ட் ஸ்குரூக்களும் ஒரே வரிசையில் விரல் படும்படி இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி, பக்கெட்டைவிட உயரமாக ஸ்டூலில் வைத்து, எர்த் ஒயரைக் கட்டாயம் மாட்டுங்கள். கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இல்லாத வீட்டு லைனில் இதைச் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று ஆம்பியர் ஓடினாலே பக்கெட் வேலைக்குத் தாராளம். ரிம் போலப் பெரியது என்றால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் தொழில் கைகொடுத்தது. காயில் கட்டும் கடை எதிலும் ஒரு சீரீஸ் பல்ப் போர்டு இருக்கும். புதிதாகக் கட்டிய மோட்டாரை நேராக லைனில் கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுக் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், மோட்டார் பிழைக்கும். அதையே இங்கே செய்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் பிளஸில் இருந்து சாகிற கம்பிக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டேன். தண்ணீருக்குள் பாகமும் கம்பியும் தெரியாமல் தொட்டுக்கொண்டாலும் நாலரை ஆம்பியர் சொச்சத்துக்கு மேல் ஓடாது. எஸ்எம்பிஎஸ் தப்பிக்கும், ஒயர் உருகாது. பல்பைப் பார்த்தே உள்ளே நடப்பதும் தெரிந்துவிடும். மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால் வேலை நடக்கிறது. ஹெட்லைட் மாதிரியே எரிந்தால் உள்ளே எதுவோ எதையோ தொடுகிறது. எரியவே இல்லை என்றால் எங்கோ கான்டாக்ட் இல்லை, அல்லது சோடா போதவில்லை. பல்ப் கொதிக்கிற சூட்டில் இருக்கும், பிளாஸ்டிக் மேல் சாய்த்து வைக்காதீர்கள். கார் பேட்டரியில் இருந்து நேராகக் கரன்ட் எடுப்பவர்களுக்கு இந்த பல்ப் கட்டாயம் வேண்டும். பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் ஒரு நொடியில் பழுத்துவிடும்.

இப்போது மாட்டும் வேலை. முதலில் பாகத்தில் கிரீஸ், ஆயில் எதுவும் இருக்கக் கூடாது. அது இருக்கும் இடத்தில் கரன்ட் பாயாது. டீசல் தொட்டுத் துடைத்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தடித்த செதில்களைச் சுத்தியால் லேசாகத் தட்டினாலே விழுந்துவிடும். அப்புறம் ஒரு ஓரத்தில் உப்புத்தாள் போட்டு, நாலணா அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். மைனஸ் கிளிப் கடிக்க வேண்டிய இடம் அது. துருவின் மேல் கடிக்க வைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கரன்ட் நேர்ப் பார்வையில்தான் நன்றாக வேலை செய்யும். சாகிற கம்பிக்கு எதிரே இருக்கும் முகம் சீக்கிரம் சுத்தமாகும், முதுகுப் பக்கம் அப்படியே கிடக்கும். அதனால் பக்கெட்டின் உள்சுவரை ஒட்டி நான்கு கம்பிகளை நிற்கவைத்து, மேலே ஒயரால் நான்கையும் இணைத்து, நடுவில் பாகத்தைத் தொங்கவிடுகிறேன். பக்கெட்டின் வாயில் குறுக்கே ஒரு மூங்கில் குச்சி, அதில் இருந்து இரும்புக் கம்பியில் பாகம் தொங்கும். இடைவெளி எல்லாப் பக்கமும் நாலு விரல் இருந்தால் நல்லது. டிரம் மாதிரிக் குழிவான சாமானுக்கு உள்ளேயும் ஒரு கம்பியை இறக்க வேண்டும், ஆனால் அது டிரம்மில் படக் கூடாது. பிளஸ் பக்கத்துச் செம்பு ஒயரும் கிளிப்பும் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். மூழ்கினால் செம்பு கரைந்து போய் உங்கள் பாகத்தின் மேல் படியும்.

எல்லாவற்றையும் மாட்டி, இன்னொரு முறை பார்த்துவிட்டு, கடைசியில்தான் சுவிட்ச் போட வேண்டும். கறுப்பு ஒயர் மைனஸ், சிவப்பு ஒயர் பிளஸ். எது எந்த ஒயர் என்பதில் மட்டும் தவறவே கூடாது. கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒரு நாள் ராத்திரி மாட்டிவிட்டு, "அக்கா, குமிழி சூப்பரா வருதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். காலையில் வந்து பார்த்தால் சாகிற கம்பி அழகாக இருக்கிறது, பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் ஓரமெல்லாம் அரித்துப் போயிருக்கிறது. ஒயர் மாறியிருந்தது. குமிழி இரண்டு பக்கமும்தான் வரும். மைனஸில் ஹைட்ரஜன், பிளஸில் ஆக்சிஜன். அளவில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு. ஆகவே, குமிழி அடர்த்தியாகப் பொங்க வேண்டியது நம் பாகத்தில். அன்று அவனே யோசித்துச் சுவரில் சாக்பீஸில் எழுதி வைத்தான்: கறுப்பு காருக்கு, சிவப்பு சாகறதுக்கு. அதற்குப் பிறகு ஒரு பாகமும் போகவில்லை.

ஹைட்ரஜனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஐந்து ஆம்பியர் ஓடினால் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பக்கெட்டை மூடி வைக்காதீர்கள், பாத்ரூமிலோ அடுப்படியிலோ வைக்காதீர்கள். நான் மொட்டை மாடியில் ஷீட் இறக்கிய பக்கம், காற்றோட்டமாக வைக்கிறேன். பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி கூடாது. கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணைத்தே ஆக வேண்டும், பொறி பறந்தால் போதும். குழந்தைகளும் பூனையும் வராத இடமாகப் பாருங்கள். கையுறை போடுங்கள், சோடா தோலை அரிக்கும். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கரன்ட் விட்ட பத்து நிமிஷத்தில் தண்ணீரின் மேல் பழுப்பு நுரை கட்டும். இரண்டு மணி நேரத்தில் டீ நிறம். மறுநாள் காலையில் சேறு மாதிரி இருக்கும். சாகிற கம்பிகளில் துரு அப்பிக்கொண்டால் கரன்ட் குறையும், பல்ப் மங்கும். அப்போது நிறுத்தி, கம்பிகளை வழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். லேசான துருவுக்கு ஆறு மணி நேரம், என் டிரம் மாதிரியான கேஸுக்கு இருபத்து நாலு மணி நேரம்.

இரண்டாவது டிரம்மை வெளியே எடுத்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தூக்கியதும் துரு இருந்த இடமெல்லாம் கறுப்பாக, ஈரக் கரி பூசிய மாதிரி இருந்தது. அந்தக் கறுப்புதான் மாறிய துரு, விரலால் தேய்த்தாலே வரும். தண்ணீர் ஊற்றி நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனேன். அடியில் சாம்பல் நிற வார்ப்பிரும்பு தெரிய ஆரம்பித்தது. லேத்தில் கடைந்தபோது விழுந்த மெல்லிய வளையக் கோடுகள்கூட அப்படியே இருந்தன. வீல் போல்ட் துளைக்குப் பக்கத்தில் பிரஷ் போனபோது இரண்டு சின்னக் குழிகள் தெரிந்தன. துரு அரித்த குழி என்று நினைத்து நகத்தை விட்டுப் பார்த்தேன். அரித்த குழிக்கு ஓரம் கோணல்மாணலாக இருக்கும். இவை கச்சிதமான வட்டம், அடியில் கூர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியால் ஒரே அடியில் அடித்த புள்ளிகள்.

மூன்றாவது டிரம்மில் அதே இடத்தில் மூன்று புள்ளிகள். நாலாவதில் நாலு. கழற்றும்போது எது எந்தச் சக்கரம் என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்தேன், அதனால் கணக்கு புரிந்தது. முன் இடது இரண்டு, பின் வலது மூன்று, பின் இடது நாலு. நைனா வண்டியைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் டிரம் இடம் மாறக் கூடாது என்று அடித்து வைத்த அடையாளம். அந்தந்த லைனிங்கோடு தேய்ந்து பழகியது அங்கேயேதான் இருக்க வேண்டும் என்பார். கிரைண்டர் போட்ட முதல் டிரம் டிரைவர் பக்கத்து முன் சக்கரம். அதில் ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டும். இப்போது அங்கே பளபளப்பு மட்டும்தான் இருக்கிறது.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. புதுப்பேட்டையில் தேடினால் பழைய டிரம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் இன்னொரு வண்டியின் தேய்மானத்தை நம் வண்டியில் மாட்டுவதைவிட, நம் வண்டியின் இரும்பைக் காப்பாற்றுவது மேல் என்று நினைக்கிறேன். எண்ணூரில் 1940-களின் கடைசியில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள், எங்கள் ஊரிலேயே என்ஃபீல்டு புல்லட் செய்தார்கள். வண்டி செய்யத் தெரிந்த இந்தக் கடலோரத்தில், கொஞ்சம் துரு பிடித்ததும் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

எல்லாவற்றையும் பக்கெட்டில் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி, "ஸ்பிரிங் இலையையும் போட்டுடலாமாம்மா?" என்று கேட்டார். கூடாது. மைனஸ் பக்கம் உண்டாகும் ஹைட்ரஜனில் கொஞ்சம் இரும்புக்குள்ளேயே நுழையும். வார்ப்பிரும்புக்கும் சாதாரண எம்.எஸ்ஸுக்கும் அதனால் பாதகமில்லை. ஆனால் கடினப்படுத்திய எஃகு அந்த ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, பாரம் ஏறும்போது படீரென்று முறியும். அம்பாசடரில் முன்னால் இருக்கும் டார்ஷன் பார், பின்னால் இருக்கும் ஸ்பிரிங் இலைகள், தலையில் 10.9, 12.9 என்று பொறித்த போல்ட்கள், பேரிங், இவை எதுவும் வேண்டாம். அவற்றைக் கையால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதுசு போடுங்கள். அலுமினியம் இந்தக் காரத் தண்ணீரிலேயே கரையும். கார்புரேட்டர் மாதிரியான துத்தநாக வார்ப்புகளும் கெட்டுவிடும். குரோம் பூசிய பம்பரில் பூச்சு உரியும். காந்தம் ஒட்டாத எதையும் இறக்காதீர்கள். ரப்பர், ஆயில் சீல் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள்.

வெளியே எடுத்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். சுத்தமான வெறும் இரும்பு எங்கள் காற்றில் பத்து நிமிஷம் ஈரத்தோடு இருந்தாலே மஞ்சள் பூக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பிரஷ் போட்டுக் கறுப்பை எடுத்து, மறுபடி கழுவி, உடனே துணியால் ஒற்றி, ஹீட் கன்னில் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டு போய்விடுவேன். சித்திரை, வைகாசி வெயிலில் மாடித் தரையே அந்த வேலையைச் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையையே தொடுவதில்லை. காய்ந்த சூடு ஆறியதும் அன்றைக்கே பிரைமர். சாதாரண ரெட் ஆக்சைடு கடலுக்குத் தள்ளி இருக்கும் ஊர்களுக்குச் சரி, கடல் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமருக்குச் செலவு செய்யுங்கள். டிரம்மின் உள்பக்கம், லைனிங் உரசும் இடத்தில் பெயின்டும் படக் கூடாது, எண்ணெயும் படக் கூடாது. அதை லேத்தில் கொடுத்து, அளவு இருக்கிறதா என்று பார்த்து, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மேல்பரப்பை மெல்லிசாகக் கடையும் ஸ்கிம்மிங் ஒன்று போட்ட பிறகுதான் மாட்ட வேண்டும். துரு போனதாலேயே பிரேக் சரியாகிவிட்டது என்று யாரும் ஓட்ட வேண்டாம்.

மிஞ்சிய தண்ணீருக்கு வருகிறேன். நான் சொன்ன மாதிரி சாதாரண இரும்பும் சலவை சோடாவும் மட்டும் என்றால் அதில் இருப்பது சோடாவும் இரும்புத் துருவும்தான். ஆனால் பழைய பெயின்ட் இருந்த பாகம் என்றால் அதில் ஈயம் இருக்கலாம், அந்தக் காலத்துச் சிவப்புப் பிரைமர்களில் ஈயம் உண்டு. அதனால் நான் எதையும் கால்வாயில் கொட்டுவதில்லை. அகலமான தொட்டியில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, அடியில் தங்கும் மண்டியைப் பையில் கட்டி, இன்னது என்று சொல்லி மாநகராட்சிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுக்கிறேன். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததையும், மீனவர்கள் கையால் அதை அள்ளியதையும் பார்த்த பிறகு, ஒரு பக்கெட்டைக்கூட அந்தப் பக்கம் கவிழ்க்கக் கை வராது.

நான்கு டிரம்மும் லேத்தில் இருந்து போன வாரம் வந்துவிட்டன. வெளிப்பக்கம் எபாக்சி அடிக்கும் முன் நைனாவின் டூல் பெட்டியைத் திறந்து சென்டர் பஞ்சைத் தேடினேன். அதுவும் துருப்பிடித்துத்தான் கிடந்தது. கடின எஃகு என்பதால் பக்கெட்டில் போடாமல் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். முதல் டிரம்மில், வீல் போல்ட் துளைக்குப் பக்கத்தில், மற்ற மூன்றில் இருக்கும் அதே இடத்தை விரலால் அளந்து, பஞ்சை நிறுத்தி, ஒரே ஒரு அடி அடித்தேன்.